நடுங்குவது எது?

சாலிகிராமத்தில் ஒரு நண்பர், வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்டு சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார். விளம்பர ஜிங்கிள், சீரியல் பின்னணி இசை என்று வண்டி ஓடுகிறது. பழைய கருவிகளை வாங்கிச் சேர்ப்பதில் அவருக்குக் கொஞ்சம் பித்து. அவர் மனைவி அதை வேறு வார்த்தையில் சொல்வார்.

போன மாதம் போன் செய்தார். "ரெண்டு மெஷின் சர்வீஸ் முடிஞ்சு வந்திருக்கு சார். வந்து கேட்டுட்டுப் போங்க."

போனேன். எனக்கு முன்பே அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் சினிமா ரெக்கார்டிங்குகளில் வரிசையாக உட்கார்ந்து வயலின் வாசித்தவர்களில் ஒருவர். பாட்டில் இவர் பெயர் வராது. ஆனால் எத்தனையோ பாட்டில் இவர் வில் இருக்கிறது. ஒருநாள் அந்த வரிசை பாதியானது. பிறகு நாலு பேரானது. பிறகு ஒரு கீபோர்டு ஆனது.

நண்பர் எங்கள் இருவரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரே கார்டை இரண்டு மெஷினிலும் வாசித்துக் காட்டினார். முதலாவது 80-களின் அனலாக் சின்தசைசர். இரண்டாவது அதே 80-களின் கடைசியில் வந்த சாம்ப்ளர். இரண்டிலும் 'ஸ்ட்ரிங்ஸ்', அதாவது வயலின் கூட்டத்தின் ஓசை. இரண்டிலும் லேசான அசைவு.

பெரியவர் தீர்ப்பு சொன்னார். "தம்பி, முதல்ல வாசிச்சது வயலினே இல்லை. ஆனா ஏதோ ஒண்ணு உயிரோட இருக்கு. ரெண்டாவது சாட்சாத் வயலின்தான். ஆனா பன்னெண்டு பேருக்கும் ஒரே கை."

வீட்டுக்கு வந்தும் அந்தக் 'கை' என்னை விடவில்லை. இந்த வாரம் அதைத்தான் உங்களோடு பங்கு போட்டுக்கொள்ளப் போகிறேன். பயப்படாதீர்கள், கூட்டல் பெருக்கல் தாண்டி கணக்கு கிடையாது.

இந்த மாதிரி சமயங்களில் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு ரெடிமேட் பதில் வைத்திருப்பார்கள். 'அனலாக்ல ஒரு வார்ம்த் இருக்கு சார், டிஜிட்டல்ல அது வராது.' வார்ம்த் என்றால் என்ன என்று கேட்டால் கையை உருட்டிக் காட்டுவார்கள். எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. நண்பரின் சாம்ப்ளர் 16 பிட், சி.டி. தரம். ஓசையின் துல்லியத்தில் அதற்குக் குறை ஒன்றும் இல்லை. குறை அது நடுங்கும் விதத்தில் இருக்கிறது.

நடுக்கத்துக்கு இந்த மெஷின்களில் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. பெயர் எல்.எஃப்.ஓ. விரித்தால் 'லோ ஃப்ரீக்வென்சி ஆஸிலேட்டர்'. விநாடிக்குச் சுமார் 20 தடவைக்கு மேல் ஒரு அலை ஆடினால் அது நம் காதுக்கு ஸ்வரமாகக் கேட்கும். அதற்குக் கீழே ஆடினால் ஸ்வரமாகக் கேட்காது. ஆனால் அந்த மெதுவான அலையை இன்னொரு ஓசையின் மேல் ஏவிவிட்டால், அந்த ஓசை ஆடுவது கேட்கும். தொட்டிலை ஆட்டும் பாட்டி மாதிரி. பாட்டி கண்ணுக்குத் தெரியமாட்டாள், தொட்டில் ஆடும்.

சுருதியை ஆட்டினால் அதற்கு வைப்ராட்டோ என்று பெயர். சத்தத்தை ஏற்றி இறக்கினால் ட்ரெமலோ. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் இல்லை. எலெக்ட்ரிக் கிதாரின் பிதாமகர்களில் ஒருவரான லியோ ஃபெண்டரே, 1954-ல் வந்த தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் சுருதியை ஆட்டும் கம்பிக்கு 'ட்ரெமலோ' என்று பெயர் வைத்தார். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை ஆட்டும் வசதிக்கு 'வைப்ராட்டோ' என்று எழுதினார். இரண்டும் தலைகீழ். உலகம் இன்றுவரை திருத்திக்கொள்ளவில்லை.

மனிதர்கள் எவ்வளவு வேகத்தில் நடுங்குகிறார்கள்? அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் கார்ல் சீஷோர் என்ற உளவியல்காரர் 1930-களில் இதை உட்கார்ந்து அளந்தார். நல்ல பாடகர்கள், வயலின்காரர்கள் எல்லோருடைய வைப்ராட்டோவும் விநாடிக்கு ஆறு, ஏழு தடவை. ஆட்டத்தின் அகலம் பாடகர்களுக்குச் சுமார் அரை ஸ்வரம், வயலின்காரர்களுக்கு அதில் பாதி. ஆக, எல்.எஃப்.ஓ-வை ஆறில் வைத்துவிட்டால் மனிதன் வந்துவிடுவானா?

வரவில்லை. ஏன் என்பதற்கு மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். எப்போது நடுங்குகிறது, எத்தனை பேர் நடுங்குகிறார்கள், நடுங்குவது எது.

முதல் கேள்வி, எப்போது?

1970-ல் வந்த மினிமூக் சின்தசைசரில் மூன்று ஆஸிலேட்டர்கள். மூன்றாவதை ஒரு திருகு திருகி மெதுவாக்கினால், அதுவே எல்.எஃப்.ஓ. அது யாருக்காகவும் காத்திருக்காது. நீங்கள் கட்டையை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் உள்ளே ஆடிக்கொண்டேயிருக்கும், கடலலை மாதிரி. நீங்கள் அழுத்தும் கணத்தில் அலை மேலே இருக்கலாம், கீழே இருக்கலாம், நடுவில் இருக்கலாம். அதனால் ஒரே ஸ்வரத்தைப் பத்து முறை வாசித்தால் பத்தும் துளி வேறாகத் தொடங்கும்.

இன்னொரு ஜாதி எல்.எஃப்.ஓ உண்டு. கட்டையை அழுத்தியதும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். பல சாம்ப்ளர்களில் இதுதான் வழக்கம். பத்து முறை அழுத்தினால் பத்து முறையும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே நடுக்கம். ஒரு தடவை கேட்டால் அழகு. நாலாவது தடவை நம் மூளை கண்டுபிடித்துவிடும். 'என்ன நல்லா இருக்கீங்களா?' என்று தினமும் அதே ராகத்தில் கேட்கும் ரிசப்ஷனிஸ்ட் மாதிரி.

உடனே மினிமூக் கட்சியில் சேர்ந்துவிடாதீர்கள். தன்பாட்டுக்கு ஓடும் எல்.எஃப்.ஓ-விலும் தொந்தரவு உண்டு. ஆட்டம் அகலமாக இருந்து, நீங்கள் வேகமாகச் சின்னச் சின்ன ஸ்வரங்கள் வாசித்தால், ஒவ்வொன்றும் அலையின் ஒவ்வொரு இடத்தில் மாட்டிக்கொண்டு சுருதி விலகிக் கேட்கும். தாளத்தோடு ஒட்டித் துடிக்கவேண்டிய டான்ஸ் பாட்டுக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதுதான் சரி. எந்த வேலைக்கு எந்த நடுக்கம் என்பதுதான் விஷயம்.

இரண்டாவது கேள்வி, எத்தனை பேர்?

1978-ல் கலிஃபோர்னியாவில் டேவ் ஸ்மித்தின் நிறுவனம் 'ப்ராஃபெட்-5' என்ற சின்தசைசரைக் கொண்டுவந்தது. ஒரே சமயத்தில் ஐந்து ஸ்வரம் வாசிக்கலாம். வாசித்துவைத்த ஓசைகளை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்துக்கு அது அதிசயம். ஆனால் ஐந்து குரலுக்கும் சேர்த்து எல்.எஃப்.ஓ ஒன்றே ஒன்று. கார்டு வாசித்தால் ஐந்து ஸ்வரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். குடியரசு தின அணிவகுப்பு.

அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1975-ல், டாம் ஓபர்ஹைம் நான்கு குரல் சின்தசைசர் ஒன்று செய்திருந்தார். அவர் செய்த காரியம் கொஞ்சம் முரட்டுத்தனமானது. நான்கு தனித்தனிக் குட்டி சின்தசைசர்களை ஒரே பெட்டியில் அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் தனி ஆஸிலேட்டர், தனி ஃபில்டர், தனி எல்.எஃப்.ஓ. நாலையும் ஒரே மாதிரி வைக்க நாலு தடவை திருகவேண்டும். என்னதான் திருகினாலும் நாலும் மயிரிழை வித்தியாசமாகத்தான் நிற்கும். வாசிப்பவருக்கு அது தலைவலி. கேட்பவருக்கு அது நாலு பேர்! சோம்பேறித்தனமாக விடப்பட்ட அந்த மயிரிழைதான் இன்றைக்கும் அந்தக் கருவியைத் தேடி அலைய வைக்கிறது.

யமஹாவின் டி.எக்ஸ்.7, 1983-ல் வந்து உலகத்து மேடைகளையெல்லாம் பிடித்தது. 16 ஸ்வரம் ஒரே நேரத்தில். எல்.எஃப்.ஓ மட்டும் ஒன்று. கட்டை அழுத்தும்போது அது பூஜ்யத்துக்குத் திரும்பவேண்டுமா வேண்டாமா என்று கேட்கும். வேண்டும் என்று சொல்லிவிட்டு, மூன்று ஸ்வரத்தைப் பிடித்தபடி நாலாவதை அழுத்தினால் என்ன ஆகும்? ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கும் மூன்றுக்கும் சேர்த்து அலை முதலுக்குத் திரும்பும். புதிதாக ஒருவர் உள்ளே வந்ததற்காக உட்கார்ந்திருந்த மூவரும் எழுந்து உட்காரவேண்டும். 1987-ல் வந்த இரண்டாம் தலைமுறை டி.எக்ஸ்.7-ல், குரலுக்கு ஒரு எல்.எஃப்.ஓ வைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தார்கள். யாரோ காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

சாம்ப்ளர் தயாரித்தவர்களுக்கும் இது தெரியும். 1988-ல் வந்த ஆகாய் எஸ்1000 சாம்ப்ளரின் எல்.எஃப்.ஓ பக்கத்தில் 'டீசிங்க்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஆன் செய்தால் ஒவ்வொரு ஸ்வரமும் அதனதன் போக்கில் ஆடும். நண்பரிடம் உடனே போன் செய்து, "உங்க மெஷின்ல இந்த மாதிரி ஏதாவது இருக்கா, போட்டிருந்தீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மௌனம். "இருக்கு சார். மெனுவுல நாலாவது பக்கம். யாரு போறது?"

அணிவகுப்பைக் கலைக்கும் பொத்தான் உள்ளேயே இருந்திருக்கிறது. மெஷினைக் குறை சொல்லுமுன் மனிதனின் சோம்பலையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் ஒரு சிக்கல். அன்று பெரியவர் 'உயிரோட இருக்கு' என்று சொன்ன சின்தசைசரிலும் எல்.எஃப்.ஓ ஒன்றுதான்! அதிலும் எல்லாக் குரலும் சேர்ந்துதான் ஆடின. ஆக, எண்ணிக்கை மட்டும் விஷயமில்லை. மூன்றாவது கேள்விக்குப் போகவேண்டும். நடுங்குவது எது?

ஒரு வயலின்காரரின் இடது கை விரலைப் பாருங்கள். விரல் ஆடுகிறது, தந்தியின் நீளம் துளித்துளி மாறுகிறது, சுருதி ஆடுகிறது. ஆனால் வயலினின் மரப்பெட்டி ஆடவில்லை. அந்தப் பெட்டிக்குச் சொந்தமாகச் சில ஒலிகள் பிடிக்கும், சில பிடிக்காது. பிடித்த ஒலி வந்தால் தூக்கிவிடும், பிடிக்காததை அமுக்கிவிடும். தந்தியிலிருந்து வரும் ஸ்வரத்தில் மேல் ஸ்தாயி ஒலிகள் பல கலந்திருக்கின்றன. விரல் ஆடும்போது அவை ஒவ்வொன்றும் பெட்டியின் மேடு பள்ளங்களில் ஏறி இறங்குகின்றன. ஒன்று பெருக்கும் அதே நேரத்தில் இன்னொன்று சிறுக்கும். ஆக, ஆட்டம் ஒன்றுதான், மினுக்கல் ஆயிரம். அசையாத குளத்தில் நிலா ஒன்று, காற்றடித்தால் நூறு என்கிற மாதிரி. வயலினின் வைப்ராட்டோ இனிப்பதற்குக் காரணம் சுருதி ஆட்டம் மட்டுமில்லை, இந்த மினுக்கலும்தான்.

சின்தசைசரின் அமைப்பைப் பாருங்கள். முதலில் ஆஸிலேட்டர். அதன் பின்னால் ஃபில்டர், சில ஒலிகளை விட்டுச் சிலவற்றை அமுக்கும் வடிகட்டி. எல்.எஃப்.ஓ-வை ஆஸிலேட்டருக்கு மட்டும் கொடுத்தால், அலை ஆடும், ஃபில்டர் அசையாமல் நிற்கும். தந்தி ஆடுகிறது, பெட்டி நிற்கிறது! அந்த ஃபில்டர் வயலின் பெட்டி அளவுக்குச் சிக்கலானதல்ல. பொம்மைப் பெட்டிதான். ஆனால் வேலை நடக்கும் வரிசை சரி. போதாததற்கு, ஆஸிலேட்டர் உண்டாக்கும் அலையின் வடிவத்தையே எல்.எஃப்.ஓ-வால் ஒல்லியாக்கிக் குண்டாக்கலாம். 'பல்ஸ் விட்த்' என்பார்கள். 80-களின் ஸ்ட்ரிங்ஸ் ஓசைகள் பலவற்றின் ரகசியம் இதுதான். பெரியவர் கேட்ட உயிர் இங்கேதான் இருந்தது.

இனி சாம்ப்ளர். அதற்குள் ஆஸிலேட்டர் இல்லை. ஒரு நிஜ வயலினின் ஒலிப்பதிவு இருக்கிறது. அந்தப் பதிவுக்குள் தந்தியும் பெட்டியும் சேர்ந்தே உறைந்திருக்கின்றன. சுருதியை ஏற்ற அதற்குத் தெரிந்த ஒரே வழி பதிவை வேகமாக ஓட்டுவது. இறக்க, மெதுவாக ஓட்டுவது. எல்.எஃப்.ஓ-வைக் கொடுத்தால் பதிவு வேகமாக, மெதுவாக, வேகமாக, மெதுவாக ஓடும். தந்தியோடு பெட்டியும் சேர்ந்து ஆடும்.

சின்னக் கணக்கு. சீஷோர் அளந்த வயலின் ஆட்டத்தை வைத்தால், வேகம் ஒன்றரை சதவிகிதம் கூடிக் குறையும். வயலினின் உடல் சுமார் 35 சென்டிமீட்டர். ஒலியின் கணக்கில் இது என்ன அர்த்தம் என்றால், அந்த மரப்பெட்டி விநாடிக்கு ஆறு தடவை அரை சென்டிமீட்டர் நீள்கிறது, அரை சென்டிமீட்டர் சுருங்குகிறது. ரப்பர் வயலின்! கண் மூடியிருந்த பெரியவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் நாற்பது வருஷம் தாடைக்குக் கீழே மரப்பெட்டியை வைத்திருந்தவருக்கு, மரம் ஆடினால் தெரியாதா?

போட்டோவில் இருப்பவரைத் தலையாட்ட வைக்க முடியாது. போட்டோவைத்தான் ஆட்ட முடியும். சாம்ப்ளரின் எல்.எஃப்.ஓ போட்டோவை ஆட்டுகிறது.

'சரி, வயலின்காரரையே வைப்ராட்டோவோடு வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தால்?' என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. செய்தார்கள். 1960-களில் இங்கிலாந்தில் வந்த மெல்லோட்ரான் என்ற கருவியில், ஒவ்வொரு கட்டைக்குக் கீழேயும் ஒரு தனி டேப். அதில் நிஜமான வயலின், நிஜமான புல்லாங்குழல். பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் குழல் ஓசை அதுதான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி டேப் என்பதால் நடுக்கம் அதனதன் வேகத்தில் இருந்தது. ஒரே சங்கடம், எட்டு விநாடியில் டேப் தீர்ந்துவிடும். விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தவேண்டும். அதே ஆள், அதே இடத்தில், அதே மாதிரி நடுங்குவார்.

டிஜிட்டல் சாம்ப்ளர் வந்தபோது நிலைமை இன்னும் மோசம். 1981-ல் வந்த முதல் எமுலேட்டரின் நினைவகம் 128 கிலோபைட். இன்றைக்கு உங்கள் போனில் வரும் 'குட் மார்னிங்' படம் ஒன்று அதைவிடப் பெரிசு. அதற்குள் இரண்டு ஓசை, ஒவ்வொன்றும் இரண்டு விநாடி. பாதிக் கீபோர்டுக்கு ஒரே பதிவு, அதாவது இரண்டு ஸ்தாயிக்கு. நடு ஸ்வரத்தில் வயலின்காரர் ஆறு தடவை நடுங்கியிருந்தால், ஒரு ஸ்தாயி மேலே போனால் பதிவு இரண்டு மடங்கு வேகம், நடுக்கம் பன்னிரண்டு. கீழே போனால் மூன்று. மேலே குளிர்காய்ச்சல், கீழே தூக்கக் கலக்கம்.

இன்னொன்று. இரண்டு விநாடிப் பதிவை வைத்துக்கொண்டு நீண்ட ஸ்வரம் வாசிக்கவேண்டுமானால், பதிவின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடவேண்டும். வைப்ராட்டோவின் முழுச் சுற்றுகள் மட்டும் அந்தத் துண்டில் அகப்படாவிட்டால், சுற்றும்போதெல்லாம் விக்கல் கேட்கும். இதற்கு எஞ்சினியர்கள் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? வயலின்காரரிடம், 'சார், கையை ஆட்டாமல் நேராக வாசியுங்கள், ஆட்டத்தை நாங்கள் பிறகு மெஷினில் சேர்த்துக்கொள்கிறோம்' என்றார்கள்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். வரிசையில் உட்கார்ந்திருந்தவரிடம் இருந்த ஒரே சொந்தச் சொத்து அந்தக் கை நடுக்கம். மெட்டு அவருடையதில்லை, நோட்ஸ் அவருடையதில்லை. அதைத்தான் முதலில் கழற்றி வைக்கச் சொன்னார்கள். மீதியை எடுத்துக்கொண்டார்கள். வேலை போனது பெரிய வருத்தம்தான். ஆனால் வேலையை மட்டும் மெஷின் எடுத்துக்கொண்டு, கையை வேண்டாம் என்று விட்டுவிட்டது இன்னும் பெரிய வருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆட்டத்தோடு பதிவான வயலின் மேல் இன்னொரு எல்.எஃப்.ஓ-வையும் ஏற்றிவிடுபவர்கள் உண்டு. பதிவுக்குள் விநாடிக்கு ஆறு, மெஷின் ஐந்தரை. இரண்டும் ஒரே அளவு ஆட்டம் என்றால், இரண்டு விநாடிக்கு ஒருமுறை சேர்ந்துகொண்டு இரட்டிப்பாகும். நடுவில் ஒன்றையொன்று தின்று ஆட்டமே இல்லாமல் போகும். கல்யாண ரிசப்ஷனில் கீபோர்டு வயலின் ஏங்கி ஏங்கி அழுவது போல் கேட்டிருக்கிறீர்களா? காரணம் இதுவாக இருக்கலாம். பெண் வீட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம்.

இப்போது காலம் மாறிவிட்டது. கம்ப்யூட்டரில் நினைவகத்துக்குப் பஞ்சமில்லை. இன்றைய வயலின் சாம்பிள் தொகுப்புகளில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஆட்டமில்லாமல் ஒரு தடவை, ஆட்டத்தோடு ஒரு தடவை பதிவு செய்து, சக்கரத்தைத் தள்ளினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்படி செய்கிறார்கள். முனைகளில் பிரமாதமாக இருக்கிறது. நடுவழியில் காதைத் தீட்டிக் கேளுங்கள். ஒரு ஆள் இரண்டு ஆளாவது தெரியும். ஆடாதவர் ஒருவர், ஆடுபவர் ஒருவர். கூட்டமாக வாசிக்கும்போது இது மறைந்துவிடும். ஒற்றை வயலினில் காட்டிக்கொடுத்துவிடும்.

நடுக்கத்தைச் சும்மா அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை சொல்லவேண்டும். 1967-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசைக்காரர் கம்ப்யூட்டரில் வைப்ராட்டோவை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். ஆட்டத்தை வேகமாக்கினார், அகலமாக்கினார், இன்னும் வேகமாக்கினார். ஒரு கட்டத்தில் ஆட்டம் ஆட்டமாகக் கேட்பது நின்றுபோய், புத்தம் புதிய ஓசை ஒன்று பிறந்தது. மணி மாதிரி, பித்தளை மாதிரி. நடுக்கமே நாதமாகிவிட்டது! எஃப்.எம். சிந்தசிஸ் என்ற அந்த உத்தியை ஸ்டான்ஃபோர்டிடம் உரிமம் வாங்கி யமஹா செய்ததுதான், மேலே சொன்ன டி.எக்ஸ்.7. இது சின்தசைசரால் மட்டுமே முடிகிற காரியம். வயலினைக் காப்பியடிக்க நினைக்காமல், தன் நடுக்கத்தைத் தானே பின்தொடர்ந்து போனதால் கிடைத்தது.

நம் ஊர் சங்கீதத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கர்நாடக சங்கீதத்தின் கம்பிதம் என்ற கமகத்தைக் கேட்கும் வெளிநாட்டுக்காரர் சிலர் அதை வைப்ராட்டோ என்றே நினைத்துக்கொள்வார்கள். தோடி ராகத்தின் காந்தாரத்தை எல்.எஃப்.ஓ-வால் ஆட்டிப் பாருங்கள், தோடி ஓடிவிடும். அந்த ஆட்டத்துக்கு ஒரே சீரான வேகம் கிடையாது. எங்கே தங்கவேண்டும், எதைத் தொட்டுவிட்டு வரவேண்டும் என்று ராகம் சொல்லும். கீபோர்டில் கர்நாடக இசை வாசிப்பவர்கள் எல்.எஃப்.ஓ பக்கமே போகாமல், சுருதியை வளைக்கும் சக்கரத்தை இடது கையால் ஆட்டியே கமகம் கொண்டுவருவதன் காரணம் அதுதான். ஆட்டத்தை மெஷினிடம் ஒப்படைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு சொல்லாமல் போனால் திட்டுவீர்கள். சொல்கிறேன். சாம்ப்ளர் மோசமான கருவி இல்லை. இருந்ததை இருந்தபடி காட்டுவதில் அதற்கு நிகர் இல்லை. முரசு, பியானோ, கோயில் மணி என்று தட்டிவிட்டால் தன்பாட்டுக்கு ஒலித்து ஓயும் வாத்தியங்களுக்கு சாம்ப்ளரைத்தான் கூப்பிடுவேன். அங்கே அடித்த பிறகு நடுங்கக் கை இல்லை. வயலின், குழல், குரல் என்று ஒலிக்கும் நேரம் முழுக்க மனிதன் கூடவே இருக்கும் வாத்தியங்களில்தான் சாம்ப்ளர் வழுக்குகிறது. சின்தசைசர் அவற்றைப் போல ஒலிக்காது. ஆனால் நடுங்கும் முறையில் அவற்றுக்கு உறவுக்காரன். முகம் ஒத்துப்போவது ஒன்று, குணம் ஒத்துப்போவது வேறு.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வீட்டில் பையனுக்கோ பெண்ணுக்கோ வாங்கிக் கொடுத்து, மூன்றாம் வாரத்திலிருந்து பீரோ மேல் தூங்கும் கீபோர்டை இறக்குங்கள். 'ஸ்ட்ரிங்ஸ்' போட்டு ஒரே கட்டையை ஐந்து முறை அழுத்துங்கள். ஐந்தும் ஒன்றுபோலவே நடுங்குகின்றனவா? பிறகு நாலு கட்டையை ஒன்றாக அழுத்துங்கள். நாலு பேரா, ஒரு ஆளின் நாலு நிழலா? பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளாக மேலே ஏறுங்கள். நடுக்கத்தின் வேகம் மெல்ல மெல்ல ஏறி, திடீரென்று ஒரு கட்டையில் பழையபடி இறங்குகிறதா? அங்கே ஒரு பதிவு முடிந்து இன்னொரு பதிவு ஆரம்பிக்கிறது. ஒருமுறை கேட்டுவிட்டால் அப்புறம் கேட்காமல் இருக்க முடியாது. மன்னிக்கவும்.

அன்று கிளம்புமுன் நண்பர் ஒரு காரியம் செய்தார். பெரியவர் கையோடு கொண்டுவந்திருந்த வயலினில் ஒரே ஒரு நீண்ட ஸ்வரம் வாசிக்கச் சொல்லி, மைக்கில் பிடித்து, சுருதிக் கோட்டைத் திரையில் வரைந்து காட்டினார். முதலில் கோடு நேராகப் போனது. கொஞ்சம் தூரம் போய் லேசாக அசைந்தது. பிறகு அகலமானது. கடைசியில் வேகம் பிடித்து, மெலிந்து, அடங்கியது. எந்த இரண்டு அலையும் ஒன்றுபோல இல்லை.

பெரியவர் திரையைப் பார்த்துச் சங்கடப்பட்டார். "வயசாயிடுச்சு தம்பி. கை நடுங்குது."

நண்பர் சொன்னார். "அதைத்தான் சார் முப்பது வருஷமா இந்த மெஷின்ல தேடிட்டிருக்கேன்."